வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வெளியூரில் ஒரு சாவி... அது யார் கையில் இருக்கிறது?

தேதி 20. சாயங்காலம் ஆறு மணி. மதுரையில் வீட்டிலிருந்தபடியே ஐந்தாறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும் பெண்மணி அவர். அம்மாவுக்குத் திடீரென்று உடம்பு முடியவில்லை என்று அன்று காலைதான் போடிக்குப் பக்கத்திலிருக்கும் சொந்த ஊருக்கு ஓடி வந்திருக்கிறார். மற்ற கடைகளுக்கெல்லாம் ரிட்டர்ன் போட்டாகிவிட்டது. ஒரே ஒரு மளிகைக்கடை பாக்கி. இரவு பன்னிரண்டுக்குள் அதன் 3பி ரிட்டர்ன் போகாவிட்டால், நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் ஏற ஆரம்பிக்கும். கட்டாமல் நிற்கும் வரிக்கு ஆண்டுக்கு 18 சதவிகித வட்டி வேறு. ஜிஎஸ்டி தளத்தை எந்த ஊரிலிருந்தும் திறக்கலாம். ஆனால், அதில் போட வேண்டிய எண்கள் எல்லாம் மதுரை வீட்டு மேஜையிலிருக்கும் கம்ப்யூட்டரில், டாலிக்குள் இருக்கின்றன.

காலேஜ் விட்டு வீட்டுக்கு வந்த மகனுக்கு போன் போடுகிறார்.

“தம்பி, கம்ப்யூட்டர ஆன் பண்ணி டாலியைத் திற. நான் கேக்கக் கேக்க நம்பரை வாசி.”

“எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம்? ரிமோட் போட்டு விடுறேன். நீ அங்கயிருந்தே போன்ல பாத்துக்கலாம்.”

“ரிமோட்டா? எதிர்வீட்டு சார் அப்படி ஏதோ ஒரு ஆப்பைப் போட்டுத்தானடா பென்ஷன் பணத்தை விட்டாரு? அதெல்லாம் வேணாம். நீ வாசி.”

அன்று வாசித்துத்தான் வேலை முடிந்தது. இருபது நிமிட வேலைக்கு இரண்டு மணி நேரம். நடுவில் ஒரு முறை 63-ஐ மகன் 36 என்று வாசித்து, கணக்கு இடித்து, மறுபடியும் முதலிலிருந்து.

மகன் சொன்னதும் சரி. அம்மா பயந்ததும் சரி. வெளியூரிலிருந்து நம் வீட்டுக் கம்ப்யூட்டரை இயக்க நமக்கு உதவுவதும், முகம் தெரியாத ஒருவன் அதே கம்ப்யூட்டருக்குள் புகுந்து பணத்தை எடுக்க உதவுவதும் ஒரே தொழில்நுட்பம்தான். வித்தியாசம், கதவை எப்படிப் போட்டிருக்கிறோம், சாவியை யாரிடம் கொடுத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது.

படம் மட்டும்தான் பயணம் போகிறது

ரிமோட் டெஸ்க்டாப் என்றதும் வீட்டில் இருக்கும் ஃபைல் எல்லாம் போனுக்கு வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரின் திரை எப்படித் தெரிகிறதோ, அந்தப் படம் மட்டும் இன்டர்நெட் வழியாக உங்கள் போனுக்கு வருகிறது. நீங்கள் தொடுவதும், தட்டச்சு செய்வதும் அங்கே போகின்றன. டாலி ஓடுவது மதுரையில்தான். ஃபைல் சேமிக்கப்படுவதும் மதுரையில்தான். நீங்களாக எடுத்து அனுப்பினால் ஒழிய எதுவும் போனில் தங்காது. பேருந்தில் போன் தொலைந்தாலும் கணக்குப் புத்தகம் தொலையாது.

இது ஒன்றும் புதுச் சமாசாரமும் இல்லை. 1990-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடம் விஎன்சி என்ற மென்பொருளை உருவாக்கி இலவசமாகவே வெளியிட்டது. அதே ஊரில்தான், 1991-ல், பல்கலைக்கழக ஆய்வகத்துக் காபிப் பாத்திரத்தில் காபி இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று இடத்தைவிட்டு எழாமல் பார்ப்பதற்காக அதன் எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். அந்தக் கேமராவுக்குப் பின்னால் இருந்த குவென்டின் ஸ்டாஃபோர்ட் ஃப்ரேசர், பிறகு விஎன்சி குழுவிலும் இருந்தார். எழுந்து போகச் சோம்பல்பட்டவர்களால் உலகத்துக்கு எவ்வளவு நன்மை! மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு ஆர்டிபி என்ற முறையைக் கொண்டுவந்து, 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபஷனலிலேயே சேர்த்துக் கொடுத்தது. இன்றைய விண்டோஸ் புரோ பதிப்பிலும் அது இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் வரும் ஹோம் பதிப்பில், வெளியிலிருந்து உள்ளே வர அனுமதிக்கும் அந்த வசதி கிடையாது.

வாசலைத் திறந்து போடும் வழி

இங்கேதான் முதல் ஆபத்து. வெளியூரிலிருந்து கம்ப்யூட்டரை எப்படித் திறப்பது என்று வீடியோ தேடினால், ரௌட்டருக்குள் போய் போர்ட் ஃபார்வர்டிங் செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய வரும். செலவில்லை, பத்து நிமிட வேலை என்பார்கள்.

வீட்டு ரௌட்டரை காம்பவுண்ட் கேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக, உள்ளே இருப்பவர் கூப்பிட்டால்தான் வெளியே இருப்பவர் பதில் சொல்ல முடியும். வெளியிலிருந்து யார் வந்து தட்டினாலும் கேட் திறக்காது. போர்ட் ஃபார்வர்டிங் என்பது அந்த கேட்டில் ஒரு திட்டிவாசலைத் திறந்து, யார் தட்டினாலும் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்து என்று சொல்வது. ஆர்டிபி-க்கான வாசல் எண் 3389. உலகம் முழுவதும் எல்லோருக்கும் தெரிந்த எண் அது.

தட்டப்போவது மனிதர்கள் அல்ல. இன்டர்நெட்டில் உள்ள ஒவ்வொரு முகவரியாகப் போய், 3389 திறந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே புரோகிராம்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. திறந்திருக்கும் வாசலைக் கண்டுவிட்டால், அட்மின், 123456, ஊர்ப்பெயர், பிறந்த வருடம் என்று பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். அவற்றுக்குச் சலிப்பு கிடையாது. எண்ணை 3389-லிருந்து வேறொன்றுக்கு மாற்றிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கதவைப் பூட்டாமல் கதவிலக்கத்தை மட்டும் அழித்துவைத்த கதை அது.

பாஸ்வேர்டு கெட்டியாக இருந்தாலும் முழு நிம்மதி இல்லை. 2019 மே மாதம், பழைய விண்டோஸ் பதிப்புகளின் ரிமோட் டெஸ்க்டாப் சேவையில் புளூகீப் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைந்துவிடக்கூடிய ஓட்டை. அதன் தீவிரத்தைப் பார்த்து, 2014-லேயே கைகழுவிய விண்டோஸ் எக்ஸ்பி-க்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதை இந்த இடத்தில் ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது.

உள்ளே வந்தவன் என்ன செய்வான்? கணக்கு எழுதுபவர் வீடு என்றால், டாலி ஃபோல்டர், எக்ஸெல் ஃபைல்கள், வாடிக்கையாளர்களின் பான் கார்டு நகல்கள் எல்லாவற்றையும் யாராலும் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, காசு கொடுத்தால் திறக்கிறேன் என்று திரையில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போவான். ரான்சம்வேர் என்பது அதுதான். பேக்கப் எடுத்த பென் டிரைவை கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருந்தால், அதையும் சேர்த்துப் பூட்டுவான். பேக்கப் எடுத்ததும் அதைக் கழற்றி பீரோவில் வைக்கச் சொல்வது அதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் ஊரில் பல இணைப்புகளில், ஒரே இன்டர்நெட் முகவரியை நிறைய வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தாலும் வேலை செய்யாது. வீடியோவைப் பார்த்து நாள் முழுக்க மல்லுக்கட்டி, ஒன்றும் நடக்கவில்லை என்று அலுத்துக்கொண்டவர்கள், உண்மையில் தப்பித்தவர்கள்.

கேட்டைத் திறக்காமலே உள்ளே போகும் வழி

நல்ல வழி, வீட்டுக் கம்ப்யூட்டரையே வெளியே பேசவைப்பது. அது உள்ளிருந்து ஒரு நம்பகமான சேவையைத் தொடர்புகொண்டு காத்திருக்கும். வெளியூரிலிருக்கும் உங்கள் போனும் அதே சேவைக்கு வந்து தன்னை நிரூபிக்கும். இரண்டையும் அந்தச் சேவை இணைத்துவைக்கும். ரௌட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. க்ரோம் ரிமோட் டெஸ்க்டாப், டீம்வியூவர், எனிடெஸ்க் எல்லாம் இந்த வகைதான். வீட்டு உபயோகத்துக்கு, விண்டோஸ் ஹோம் வைத்திருப்பவர்களுக்கு, கூகுளின் க்ரோம் ரிமோட் டெஸ்க்டாப் எளிமையானது. கட்டணமும் இல்லை.

வேலையை கூகுள் கணக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஆப்பிலிருந்து அல்ல. ஏனென்றால், இனி அந்தக் கணக்குதான் வீட்டுச் சாவி. அதில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை முதலில் போட்டுவிடுங்கள். பாஸ்வேர்டு திருடு போனாலும், புதிதாக ஒருவன் நுழைய உங்கள் போனின் சம்மதமும் வேண்டும் என்று ஆகிவிடும். அந்த இடத்திலேயே பத்து பேக்கப் குறியீடுகளை கூகுள் தரும். போன் தொலைந்துபோன அன்று கைகொடுப்பவை அவைதான். ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். போனில் போட்டோ எடுத்து வைப்பதில் அர்த்தமே இல்லை.

அடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரின் க்ரோம் பிரவுசரில் ரிமோட்டெஸ்க்டாப் டாட் கூகுள் டாட் காம் என்ற முகவரியை ஆங்கிலத்தில் நீங்களே தட்டச்சு செய்து போங்கள். தேடிப் போனால் விளம்பரமாகப் போலிப் பக்கங்கள் வரக்கூடும். அங்கே சொல்லும் மென்பொருளை நிறுவி, கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் வைத்து, குறைந்தது ஆறு இலக்க பின் நம்பர் ஒன்று கொடுக்க வேண்டும். கல்யாண நாள், வண்டி நம்பர், ஏடிஎம் பின் எதுவும் வேண்டாம். இந்த பின் கூகுள் பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு பூட்டு. போனில் அதே கணக்கில் நுழைந்தால் கம்ப்யூட்டரின் பெயர் தெரியும். தொட்டு, பின் நம்பரைக் கொடுத்தால் வீட்டுத் திரை கைக்குள் வந்துவிடும். முதல் தடவை வீட்டில் உட்கார்ந்தபடியே, போனின் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயன்று பார்த்துவிடுங்கள். ஊருக்குப் போன பிறகு சோதிப்பது சோதனை அல்ல, வேதனை.

பாதுகாப்பைவிட அதிகமாகக் காலை வாரிவிடுவது மின்சாரமும் தூக்கமும்தான். கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போய்விட்டால் வெளியூரிலிருந்து எழுப்புவது பெரும்பாடு. விண்டோஸ் செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய் ஸ்லீப் என்பதை நெவர் ஆக்கிவிட்டு, ஸ்க்ரீனை மட்டும் அணையவிடலாம். விண்டோஸ் பாஸ்வேர்டு போட்டு, ஊருக்குப் போகுமுன் திரையை லாக் செய்துவிட்டுப் போகலாம். லாக் ஆகியிருந்தாலும் ரிமோட் வேலை செய்யும். கரன்ட் போய்விட்டு வந்தால் தானாக ஆன் ஆகும்படி வைக்கும் அமைப்பு பெரும்பாலான டெஸ்க்டாப்களின் பயோஸில் இருக்கும். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் மாற்றிக் கொடுப்பார். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருந்து, ரௌட்டருக்கு இல்லாவிட்டால் பிரயோஜனமில்லை என்பதையும் அவரிடமே சொல்லுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: க்ரோம் ரிமோட் டெஸ்க்டாப்பில் நீங்கள் போடியில் உட்கார்ந்து செய்வதெல்லாம் மதுரையில் வீட்டு மானிட்டரிலும் அப்படியே ஓடும். வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளி, இன்னாரின் கடைக்கு இந்த மாதம் எவ்வளவு வியாபாரம் என்று நின்று பார்க்கலாம். மானிட்டர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் தீர்ந்தது.

விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. டெயில்ஸ்கேல் போன்ற ஒரு தனியார் வலையை வீட்டுக் கம்ப்யூட்டரிலும், எடுத்துப்போகும் லேப்டாப்பிலும் போட்டுவிட்டால், அவை இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருப்பதுபோல் பேசிக்கொள்ளும். அதன் வழியாக மைக்ரோசாஃப்டின் ஆர்டிபி-யையே பயன்படுத்தலாம். 3389 வெளியுலகத்துக்குத் தெரியவே தெரியாது. வெளியிலிருந்து நுழைந்தவுடன் வீட்டுத் திரை தானாக லாக் ஆகிவிடுவது இதில் கூடுதல் வசதி. கொஞ்சம் கணினி பழகியவர்களுக்கு இதுவே மேல்.

எந்த வழியானாலும், பிரவுசிங் சென்டரிலோ, அடுத்தவர் லேப்டாப்பிலோ உட்கார்ந்து வீட்டைத் திறக்காதீர்கள். அங்கே தட்டுவதெல்லாம் எங்கே பதிவாகிறது என்று யாருக்கும் தெரியாது.

எதிர்வீட்டு சாருக்கு நடந்தது

அவரும் திறந்தது இதே கதவைத்தான். ஆனால், தட்டியது இன்னொருவன். பேங்கிலிருந்து பேசுகிறோம், உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது, இன்றைக்குள் சரிசெய்யாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும் என்று ஒரு போன். உதவிக்கு ஓர் ஆப் போடச் சொல்கிறார்கள். திரையில் வரும் எண்ணை வாசிக்கச் சொல்கிறார்கள். கேட்கும் அனுமதிக்கெல்லாம் ஆம் என்று தொடச் சொல்கிறார்கள். அவ்வளவுதான். அதன் பிறகு போனில் வரும் ஓடிபி அவர்கள் கண்ணுக்கும் தெரியும். யாரிடமும் ஓடிபி சொல்லவில்லையே என்று சார் சொன்னது பொய்யில்லை. அவர் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

2019 பிப்ரவரியிலேயே, எனிடெஸ்க் ஆப்பை வைத்து இப்படி மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளை எச்சரித்தது. எனிடெஸ்க் தன்னளவில் ஒரு நேர்மையான கருவி. அலுவலகங்கள் தினமும் பயன்படுத்துவது. கத்தி காய் நறுக்கவும் ஆகும் என்பதுபோல்தான். விண்டோஸிலேயே இருக்கும் குவிக் அசிஸ்ட் என்ற உதவிக் கருவியையும் மோசடிக்காரர்கள் பயன்படுத்துவதாக 2024-ல் மைக்ரோசாஃப்ட் எச்சரித்தது. ஆகவே, எந்த ஆப் கெட்டது என்ற பட்டியலை மனப்பாடம் செய்து பயனில்லை. யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பதைப் பாருங்கள். நமக்கு உதவி தேவைப்பட்டு, நமக்குத் தெரிந்தவரை நாம் கூப்பிட்டால் அது உதவி. தெரியாதவர் தானாகக் கூப்பிட்டு ஆப் போடச் சொன்னால், அவர் மேனேஜராக இருந்தாலும், போலீஸ் என்று சொன்னாலும், வைத்துவிட வேண்டியதுதான். எந்த வங்கியும் உங்கள் திரையைப் பார்க்கக் கேட்காது.

கொடுத்துவிட்டோமே என்று பாதியில் உறைத்தால், பேசிக்கொண்டே இருக்காமல் உடனே இன்டர்நெட்டை அணையுங்கள். ரௌட்டர் சுவிட்ச், மொபைல் டேட்டா இரண்டையும். வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். இதில் மணிக்கணக்கு அல்ல, நிமிடக்கணக்கு. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தினால்தான் உண்டு. எதிர்வீட்டு சார் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், பெற்றோர் கம்ப்யூட்டரில் நிரந்தரமாக ரிமோட் போட்டு வைப்பதும் இப்போது சகஜம். அதற்கு ஒரு மாற்று இருக்கிறது. க்ரோம் ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே ஒரு தடவைக்கு மட்டும் செல்லும் குறியீடு கொடுக்கும் முறை உண்டு. அப்பா அந்தக் குறியீட்டை போனில் வாசிக்க, மகள் பெங்களூரிலிருந்து பிரிண்டரைச் சரிசெய்துவிட்டு வெளியேறிவிடுவாள். அடுத்த தடவைக்கு வேறு குறியீடு. அப்பாவுக்கு எழுபது வயதானாலும், அவர் எதைப் படிக்கிறார், யாருக்கு எழுதுகிறார் என்பது அவர் விஷயம்தானே? அவர் கேட்கும்போது மட்டும் உள்ளே போவது மரியாதையும்கூட. குறியீட்டை மகளுக்கு மட்டும், அதுவும் அப்பாவே அவளைக் கூப்பிட்டபோது மட்டும்தான் சொல்வது என்று இருவரும் முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து...

மதுரைப் பெண்மணி மகனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்தார். பின் நம்பரை மகனிடமும் சொல்லவில்லை. “எனக்கே சொல்லமாட்டியாம்மா?” என்று கேட்டதற்கு, “கடைக்காரங்க கணக்குடா, என்னோடது இல்ல” என்றார். டாலி பேக்கப் எடுத்த பென் டிரைவ் பீரோவுக்குப் போனது.

அடுத்து வந்த 20-ம் தேதி மறுபடியும் போடியில். அம்மாவைத் தூங்கவைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து போனைத் தொட்டார். மதுரைத் திரை வந்தது. போனில் டாலி எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருந்ததால், இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். வாசிக்க ஆள் தேவைப்படவில்லை. 63 இந்த முறை 63-ஆகவே இருந்தது. ரிட்டர்னும் தயார். கடைசியாக, கடைக்காரரின் போனுக்கு ஓடிபி போனது. அதைக் கேட்டுப் போட்டால் வேலை முடிந்தது.

“அண்ணாச்சி, ஒரு ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“தங்கச்சி, யார் போன் பண்ணி ஓடிபி கேட்டாலும் சொல்லாதீங்கன்னு போன வாரம் நீங்கதான சொன்னீங்க? நீங்க வைங்க. நானே உங்க நம்பருக்குக் கூப்பிடுறேன்.”

வைத்துவிட்டு, அவர் அழைப்பதற்காகக் காத்திருந்தார்.